வீட்டுப் பிள்ளையின் பையில் மாத்திரை அட்டை கிடைத்தால்: முதல் இரவிலிருந்து முதல் வருஷம் வரை

துவைக்கப் போட்ட ஜீன்ஸில்தான் அது கிடைத்தது. பத்து மாத்திரை அட்டை, எட்டு காலி. அம்மா ஏதோ தலைவலி மாத்திரை என்று நினைத்து அலமாரியில் பத்திரமாக எடுத்து வைத்துவிட்டார். நான் அட்டையில் இருந்த பெயரை போனில் தேடிப் பார்த்தேன். டேபென்டடால். கடுமையான வலிக்கு, மருத்துவர் எழுதிக் கொடுத்தால் மட்டுமே கடையில் தர வேண்டிய மருந்து. என் தம்பிக்கு அப்போது 19 வயது. பாலிடெக்னிக் படித்துக்கொண்டிருந்தான். அவனுக்கு எந்த ஆபரேஷனும் நடக்கவில்லை, எங்கேயும் வலியும் இல்லை.

அன்றைக்கு வீட்டில் நடந்ததையும் சொல்லிவிடுகிறேன். அப்பா அடித்தார். அம்மா சாமி படத்துக்கு முன்னால் நிற்க வைத்துச் சூடத்தை அணைத்துச் சத்தியம் வாங்கினார். நான் பெரியப்பாவுக்கு போன் போட்டேன். அவர் சித்தப்பாவுக்குச் சொன்னார், சித்தப்பா வீட்டிலிருந்து அத்தைக்குப் போனது. ராத்திரி பத்து மணிக்குள் திருமங்கலத்திலிருந்து திருப்பூர் வரை சொந்தத்தில் எல்லாருக்கும் தெரிந்துவிட்டது. விடிந்து பார்த்தால் தம்பி இல்லை. மூன்று நாள் கழித்து வந்தபோது கையில் மோதிரம் இல்லை.

இரண்டரை வருஷம் ஆகிறது. நான் மருத்துவர் இல்லை. தம்பியோடு ஓ.பி. வரிசையில் நின்றும், கவுன்சலர்களை நச்சரித்தும், பல தப்புகள் செய்தும் தெரிந்துகொண்டதை வரிசைப்படுத்தி எழுதியிருக்கிறேன். இப்போதுதான் விஷயம் தெரிந்து, கை நடுங்கிக்கொண்டு உட்கார்ந்திருக்கும் வீட்டுக்காரர்களுக்காக எழுதியது இது. பையன் என்றே எழுதிக்கொண்டு போகிறேன். பெண் பிள்ளைகளுக்கும் இது வரும். ஆனால் வீடுகள் இன்னும் ஆழமாக மூடி மறைப்பதால் அவர்கள் சிகிச்சைக்கு வரவே ரொம்பத் தாமதமாகிறது.

முதல் இரவு

ஒன்றும் செய்யாதீர்கள். உண்மையாகவே சொல்கிறேன். இந்தப் பழக்கம் உங்களுக்குத் தெரிந்த நாளில் ஆரம்பித்தது இல்லை. பல மாதமாக நடந்துகொண்டிருப்பது. இன்னும் இரண்டு நாள் யோசித்துவிட்டுப் பேசுவதால் குடி முழுகிவிடாது. அடித்தால், நான்கு பேருக்கு முன்னால் நிறுத்தினால், அவன் பழக்கத்தை விடமாட்டான். உங்களிடம் சொல்வதைத்தான் விடுவான். அப்புறம் எந்த மருத்துவர் எந்த மருந்தை எழுதினாலும், நேற்று எதைப் போட்டான், எத்தனை போட்டான் என்பது அவர்களுக்குத் தெரியாது.

சொந்தக்காரர்களுக்குச் சொல்வதையும் தள்ளிப் போடுங்கள். வீட்டுக்கு வெளியே ஒரே ஒரு ஆள் போதும். பிள்ளை மதிக்கிற, வாயை மூடத் தெரிந்த ஆளாக இருக்க வேண்டும். எங்களுக்கு அது கடைசியில் தாய்மாமாவாக அமைந்தது. முதல் நாளே அவரிடம் போயிருக்கலாம்.

ஆனால் சில நிலைமைகளில் ஒரு நிமிஷம்கூடப் பொறுக்கக் கூடாது. தட்டி எழுப்பினாலும் எழவில்லை, மூச்சு மெதுவாக விட்டு விட்டு வருகிறது, தொண்டையில் களகளவென்று குறட்டை போலச் சத்தம், உதடும் நகமும் நீலம் பாய்கிறது என்றால் 108-ஐக் கூப்பிடுங்கள். வலி மாத்திரை, ஊசி, ஹெராயின் வகையாக இருந்தால் கண்மணியும் குண்டூசித் தலை அளவுக்குச் சுருங்கியிருக்கும். ஆம்புலன்ஸ் வரும்வரை ஒருக்களித்துப் படுக்க வையுங்கள். வாந்தி வந்தாலும் மூச்சுக்குழாயில் போகாது. உப்புத் தண்ணீர், மோர், எலுமிச்சைச் சாறு எதுவும் வாயில் ஊற்றாதீர்கள். தூங்கித் தெளியட்டும் என்று தனியாக விட்டுவிட்டுப் போகாதீர்கள். அட்டையோ பொட்டலமோ இருந்தால் மருத்துவமனைக்குக் கூடவே கொண்டு போங்கள்.

வலிப்பு வந்தால் கையில் இரும்புச் சாவியைத் திணிப்பதும், பல்லுக்கு நடுவில் கரண்டியைச் செருகுவதும் நம் ஊர்ப் பழக்கம். சாவியால் பயன் இல்லை, கரண்டியால் பல் உடையும். தலைக்குக் கீழே துணி வைத்து, வலிப்பு நின்றதும் ஒருக்களித்துப் படுக்க வைத்தால் போதும். அவனே "செத்துடுவேன்" என்று சொன்னால், மிரட்டுகிறான் என்று நீங்களாக முடிவு கட்டாதீர்கள். தனியாக விடாமல் கூட இருங்கள். 14416 என்ற டெலி மனாஸ் (அரசின் மனநல உதவி) எண்ணில் எந்த நேரமும் தமிழில் பேசலாம்.

என்ன பொருள் என்று தெரிந்துகொள்ளுங்கள்

"போதை" என்று ஒரே வார்த்தையில் சொல்லிவிடுகிறோம். ஆனால் பொருளுக்குப் பொருள் ஆபத்தும் வேறு, வைத்தியமும் வேறு.

பள்ளிப் பிள்ளைகளிடம் முதலில் வருவது பெரும்பாலும் உதட்டுக்கு அடியில் வைக்கும் புகையிலைதான். ஹான்ஸ், கூல் லிப் மாதிரி. தமிழ்நாட்டில் குட்காவுக்கும் மெல்லும் புகையிலைக்கும் 2013-லேயே தடை வந்துவிட்டது. அது எவ்வளவு தூரம் நடைமுறையில் இருக்கிறது என்று பள்ளிக்கூட வாசலில் கிடக்கும் காலிப் பாக்கெட்டுகளைப் பார்த்தாலே தெரியும். உள்ளுதட்டில், ஈறில் வெள்ளைத் திட்டு இருக்கிறதா பாருங்கள். இதை நிறுத்த வைப்பது மற்றவற்றைவிடச் சுலபம். நிகோட்டின் சூயிங்கம் இருக்கிறது, 1800 11 2356 என்ற இலவச எண்ணிலும் உதவி கிடைக்கும்.

கஞ்சா என்றால் சிவந்த கண், அதை மறைக்கக் கண்ணுக்கு விடும் சொட்டு மருந்து, சுருட்டுகிற மெல்லிய பேப்பர், ராத்திரியில் திடீர்ப் பசி. "செடிதானே, இயற்கைதானே" என்ற வாதத்தை எல்லாப் பையன்களும் மனப்பாடமாக வைத்திருக்கிறார்கள். எருக்கம்பாலும் செடியிலிருந்துதான் வருகிறது. சின்ன வயதிலேயே தொடங்கி அடிக்கடி இழுக்கிற சிலருக்கு, யாரோ பின்தொடர்கிறார்கள், தன்னைப் பற்றியே பேசுகிறார்கள் என்கிற மாதிரி மனம் பிசகிப் போகும். வீட்டில் ஏற்கெனவே யாருக்காவது மனநோய் இருந்திருந்தால் அந்த ஆபத்து கூடுதல். அப்படிப் பேச ஆரம்பித்தால் கவுன்சலிங்குக்காகக் காத்திருக்காமல் நேராக மனநல மருத்துவரிடம் போங்கள்.

வலி மாத்திரையில் கண்மணி சுருங்கும், மலச்சிக்கல் வரும், உடம்பு அரிக்கும், உட்கார்ந்த இடத்தில் தலை தொங்கும். சில பையன்கள் மாத்திரையைப் பொடித்துத் தண்ணீரில் கரைத்து ஊசியில் ஏற்றுகிறார்கள். மாத்திரை என்பது விழுங்கச் செய்த பொருள். அதில் கலந்திருக்கும் மாவும் பசையும் ரத்தக் குழாயை அடைத்துக் கையையே புண்ணாக்கிவிடும். கொதிக்கிற வெயிலில் முழுக்கை சட்டை போட்டுக்கொண்டு திரிந்தால் கவனியுங்கள். ஊசியைப் பகிர்ந்திருந்தால் எச்.ஐ.வி., மஞ்சள் காமாலை பி, சி பரிசோதனை கட்டாயம். எச்.ஐ.வி. பரிசோதனை அரசு மருத்துவமனையில் இலவசம், விவரமும் ரகசியமாக இருக்கும்.

பஞ்சர் ஒட்டும் சொல்யூஷன், ஒயிட்னர், பெயின்ட் தின்னர் இவற்றை முகர்வது இன்னும் சின்னப் பிள்ளைகளின் பழக்கம். 2019-ல் வெளியான மத்திய அரசின் தேசிய ஆய்வில், முகரும் போதைப் பழக்கம் பெரியவர்களிடம் 0.58 சதவீதம், சிறுவர்களிடம் 1.17 சதவீதம் என்று வந்தது. அந்த ஆய்வு பார்த்த பொருள்களில், பெரியவர்களைவிடச் சிறுவர்கள் முந்தியிருந்தது இதில் மட்டும்தான். முகர்ந்துகொண்டிருக்கும்போது கண்டால் கத்தித் துரத்தாதீர்கள். அந்த நேரத்தில் திடுக்கிட்டு ஓடினால் இதயம் நின்றுபோகிற ஆபத்து உண்டு.

குடியைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டியதில்லை, வாசனையே சொல்லிவிடும். தமிழ்நாட்டில் 21 வயதுக்குக் கீழே மது விற்கக் கூடாது என்பது சட்டம். அதை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் பேசும்போது உதவும்.

ஒரு எச்சரிக்கை. போனை மறைப்பது, எரிந்து விழுவது, சாப்பிடாமல் இருப்பது எல்லாம் காதலுக்கும் அறிகுறி, அரியருக்கும் அறிகுறி. ஒன்றிரண்டை வைத்து முடிவு கட்டாதீர்கள். மெடிக்கல் ஷாப்பில் சிறுநீர்ப் பரிசோதனைக் கிட் வாங்கித் திருட்டுத்தனமாகச் சோதிக்கவும் வேண்டாம். தினமும் கஞ்சா இழுத்தவன் நிறுத்தி மூன்று வாரம் ஆன பிறகும் பாசிட்டிவ் காட்டலாம். உண்மையிலேயே நிறுத்தியவனை "பொய் சொல்றியா" என்று கேட்டால் அதோடு கதை முடிந்தது.

பேசுவது எப்படி

ஒரே ஆள் பேச வேண்டும். குடும்பமே வட்டமாக உட்கார்ந்து விசாரித்தால் அது பஞ்சாயத்து. போதையில் இருக்கும்போது பேசக் கூடாது, சாப்பாட்டு நேரத்திலும் கூடாது. கண்ணுக்குக் கண் பார்க்காமல் பக்கத்தில் இருந்துகொண்டு பேசுவது சுலபம். பைக்கில் போகும்போது, துணி காயப்போடும்போது என்று ஏதாவது கைவேலைக்கு நடுவில்.

எங்களுக்கு அது மொட்டை மாடியில் நடந்தது. நான் மிளகாய் வற்றலைக் காம்பு கிள்ளிக்கொண்டிருந்தேன். அவன் தண்ணீர்த் தொட்டி நிழலில் உட்கார்ந்திருந்தான். வீடு விட்டுப் போய் வந்து ஆறு மாதம் ஆகியிருந்தது. அதற்குள் நடந்த கூத்தைக் கீழே சொல்கிறேன். "ஏன்டா இப்படிப் பண்ணின" என்று அதுவரை நூறு தடவை கேட்டிருப்பேன். அன்றைக்கு ஏதோ தோன்றி மாற்றிக் கேட்டேன்.

"அதைப் போட்டா உனக்கு எப்படி இருக்கும்?"

ரொம்ப நேரம் பேசவில்லை. கால் கிலோ வற்றல் கிள்ளி முடித்திருப்பேன். அப்புறம் சொன்னான், "தூக்கம் வரும்க்கா. மண்டைக்குள்ள சத்தம் நின்னுரும்."

எனக்கு அந்தச் சத்தம் என்னவென்று தெரியாது. அரியர் எட்டு இருந்ததும், அவனோடு ரூமில் இருந்த பையன் பைக் விபத்தில் செத்ததும், அதற்கு அப்புறம் இவன் தூங்கவே இல்லை என்பதும் அன்றைக்குத்தான் வரிசையாக வந்தது. நான் புத்தி ஒன்றும் சொல்லவில்லை. "தூக்கத்துக்கு டாக்டர்கிட்ட வேற வழி இருக்கும்ல, கேட்டுப் பாப்பமா?" என்றேன். "போதையை விடணும்" என்று சொல்லியிருந்தால் எழுந்து போயிருப்பான். தூக்கத்துக்காக என்றதும் சரி என்றான்.

உங்கள் பிள்ளைக்கு அது பயமாக இருக்கலாம், தனிமையாக இருக்கலாம், சும்மா ஜாலிக்காகத் தொடங்கி மாட்டிக்கொண்டதாகவும் இருக்கலாம். அந்தப் பொருள் அவனுக்கு என்ன வேலை செய்து தருகிறது என்று தெரியாமல் அதைப் பிடுங்கினால் அந்த இடம் காலியாகவே இருக்கும்.

சத்தியம் வாங்காதீர்கள். எங்கள் அம்மா வாங்கிய சூடச் சத்தியம் நான்கு நாள் தாங்கியது. அதை மீறியதற்குச் சாமி குத்தம் வந்துவிடும் என்று பயந்து, அந்தப் பயத்துக்காகவும் இரண்டு மாத்திரை போட்டதாகப் பின்னால் சொன்னான். ஐயப்பனுக்கு மாலை போட்டு 48 நாள் ஒரு சொட்டுக் குடிக்காமல் இருந்துவிட்டு, மாலையைக் கழற்றிய அன்றைக்கே கடைக்குப் போகிறவர்களை நாம் எல்லாரும் பார்த்திருக்கிறோம். நிறுத்த முடியாதவர்கள் இல்லை அவர்கள். 49-ஆவது நாளுக்கு அவர்களிடம் ஒரு ஏற்பாடும் இருப்பதில்லை. அதோடு, தினமும் நிறையக் குடிப்பவர் மாலை போடுகிறேன் என்று ஒரே நாளில் நிறுத்துவது உயிருக்கே ஆபத்து. மருத்துவரைப் பார்த்துவிட்டுத்தான் நிறுத்த வேண்டும்.

மருத்துவமனைக்குப் போவது

முதலில் 14446-க்குப் பேசுங்கள். போதை மீட்புக்கான தேசிய இலவச எண். பக்கத்தில் எந்த மையம் என்று கேட்கலாம். தமிழ்நாட்டின் 104 எண்ணிலும் கேட்கலாம். அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளில் மனநலப் பிரிவு இருக்கிறது. அங்கேதான் போதைப் பழக்கத்துக்கும் பார்ப்பார்கள். கலங்கரை என்ற பெயரில் அரசு மருத்துவமனைகளில் தனி மையங்களும் 2025-ல் தொடங்கியிருக்கிறார்கள். சென்னையில் கீழ்ப்பாக்கம் மனநல மருத்துவமனையும், சாந்தி ரங்கநாதன் 1980-ல் தொடங்கிய டி.டி.கே. மருத்துவமனையும் ரொம்ப காலமாக இந்த வேலையைச் செய்கின்றன. இந்த நோயில் குடும்பத்துக்கும் சேர்த்தே வைத்தியம் வேண்டும் என்பதைப் பேசி நடைமுறைக்குக் கொண்டுவந்தவர்களில் அவர் முன்னோடி. 1992-ல் பத்மஸ்ரீ கொடுத்தார்கள்.

ஓ.பி. நாளுக்கு ஆதார், பழைய மருந்துச் சீட்டு, அந்த மாத்திரை அட்டை, தண்ணீர் பாட்டில், கொஞ்சம் சாப்பாடு எடுத்துக்கொள்ளுங்கள். சீக்கிரம் போய் வரிசையில் நின்றால்தான் மதியத்துக்குள் மருத்துவரைப் பார்க்க முடியும். வரிசையில் நிற்கும்போதே "வேண்டாம், போயிடலாம்" என்பான். எங்கள் தம்பி மூன்று தடவை சொன்னான். மூன்று தடவையும் டீ வாங்கிக் கொடுத்தேன். உள்ளே போனதும் மருத்துவர் அவனோடு தனியாகப் பேச வேண்டும் என்பார். வெளியே வந்துவிடுங்கள்.

போலீஸ் பயம் எல்லாருக்கும் உண்டு. கஞ்சா பயன்படுத்துவதும் போதைப்பொருள் தடுப்புச் சட்டம் 1985-ன் 27-ஆவது பிரிவின்படி குற்றம்தான். ஆறு மாதம் வரை சிறை, பத்தாயிரம் ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். ஆனால் அதே சட்டத்தின் 64ஏ பிரிவைப் பலருக்குத் தெரியாது. தானாக முன்வந்து அரசு மையத்திலோ அரசு அங்கீகரித்த மையத்திலோ சிகிச்சை எடுத்து முடிப்பவர் மேல், பயன்படுத்தியதற்காகவோ சிறிய அளவு வைத்திருந்ததற்காகவோ வழக்கைத் தொடர மாட்டார்கள். விற்றவருக்கு இந்தச் சலுகை கிடையாது. மருத்துவரிடம் சொன்னதை மருத்துவர் வெளியில் சொல்லக் கூடாது என்பதும் 2017 மனநலச் சட்டத்தில் இருக்கிறது.

சரி, மருந்து எப்படி வேலை செய்கிறது? நிறுத்தியதும் உடம்பு படுத்துகிற பாட்டுக்குத்தான் முதல் வாரம், பத்து நாள். குடியில்தான் இது ரொம்ப ஆபத்து. கடைசிக் குவாட்டர் முடிந்து சில மணி நேரத்தில் கை நடுங்கும், முதல் இரண்டு நாளுக்குள் வலிப்பு வரலாம், இரண்டாவது நாளிலிருந்து நான்காவது நாளுக்குள் ஆள் அடையாளம் தெரியாமல் பிதற்றுகிற நிலை வரலாம். அதனால் தினமும் குடிக்கிறவரை வீட்டில் பூட்டி வைத்து நிறுத்த வைக்கவே கூடாது. வலி மாத்திரை, ஹெராயின் வகையில் கண்ணில் மூக்கில் ஒழுகும், கொட்டாவி விடுவான், மயிர்க் கூச்செறியும், வயிற்றுப்போக்கு போகும், எலும்பெல்லாம் வலிக்கும். இரண்டு மூன்று நாளில் உச்சத்துக்குப் போய் ஒரு வாரத்தில் தணியும். பார்க்கச் சகிக்காது. ஆனால் தண்ணீர்ச் சத்து குறையாமல் பார்த்துக்கொண்டால் பெரும்பாலும் உயிருக்கு ஆபத்து வராது. கஞ்சாவில் எரிச்சலும் தூக்கமின்மையும் இரண்டு வாரம் இருக்கும்.

வலி மாத்திரை, ஹெராயின் பழக்கம் உள்ள சிலருக்கு புப்ரினார்பின் போன்ற மருந்தை மாதக்கணக்கில், சில நேரம் வருஷக்கணக்கில் தருவார்கள். "ஒரு போதைக்குப் பதிலா இன்னொரு போதையா?" என்று அப்பா சண்டை போட்டார். சர்க்கரை நோய்க்கு இன்சுலின் போடுவதைப் போல என்று மருத்துவர் விளக்கினார். அப்பா பாதி ஒத்துக்கொண்டார். அந்த மருந்தைப் பாதியில் நிறுத்திப் பழையபடி ஆனவர்களை ஓ.பி.யிலேயே நிறையப் பார்த்துவிட்டேன். அதனால் மருத்துவர் நிறுத்தச் சொல்லும்வரை கொடுத்துக்கொண்டிருங்கள்.

சுவரிலும் பேருந்துப் பின்பக்கத்திலும் ஒட்டியிருக்குமே, "குடிப்பவருக்குத் தெரியாமல் உணவில் கலந்து கொடுக்கலாம்" என்று. அந்தப் பக்கமே போகாதீர்கள். மருத்துவர்கள் தரும் டைசல்ஃபிரம் என்ற மாத்திரையைச் சாப்பிட்டவர் குடித்தால் முகம் சிவந்து, வாந்தி எடுத்து, ரத்த அழுத்தம் விழும். சிலருக்கு உயிரே போகும். குடித்தால் என்ன ஆகும் என்று தெரிந்து, சம்மதித்து எடுக்க வேண்டிய மருந்து அது. அதை ரசத்தில் கலந்துவிட்டு, அவர் வெளியே போய்க் குடித்துவிட்டு வந்தால் என்ன நடக்கும் என்று யோசித்துப் பாருங்கள். பெயர் போடாத பொடியில் என்ன இருக்கிறது என்பது அதைவிட மோசமான கேள்வி.

தனியார் மையம் என்றால்

மேலே சொன்ன கூத்து இதுதான். தம்பி திரும்பி வந்த மறு வாரம், யாரோ சொன்னார்கள் என்று அப்பா ஒரு மையத்துக்கு போன் செய்தார். "நீங்க ஒண்ணும் பண்ண வேண்டாம் சார், நாங்களே வந்து கூட்டிட்டுப் போயிருவோம்" என்றார்கள். ராத்திரி ஒன்றரை மணிக்கு வேனில் நான்கு பேர் வந்தார்கள். தூங்கிக்கொண்டிருந்தவனைக் கைலியோடு தூக்கினார்கள். அவன் என்னைப் பார்த்து "அக்கா" என்று கத்தினான். நான் கதவைப் பிடித்துக்கொண்டு நின்றேன். 90 நாள், கையில் முன்பணம், முதல் மாதம் பார்க்க அனுமதி இல்லை. வந்தவன் எட்டு கிலோ இளைத்திருந்தான். எங்கள் யாரோடும் பேசவில்லை. ஒன்பதாவது நாள் மறுபடி மாத்திரை.

பணத்தைக் கட்டும் முன்பு நேரில் போய்ப் பாருங்கள். மாநில மனநல ஆணையத்தில் பதிவு செய்த சான்றிதழைக் காட்டச் சொல்லுங்கள். மனநல மருத்துவர் வாரத்தில் எந்தெந்த நாள் வருகிறார், அவர் பெயர் என்ன, ராத்திரியில் நர்ஸ் யார், வலிப்பு வந்தால் எந்த மருத்துவமனைக்குக் கொண்டு போவார்கள் என்று கேளுங்கள். வீட்டுக்காரர் வந்து பார்க்கலாமா, போனில் தனியாகப் பேசலாமா என்று கேளுங்கள். சமையலறையையும் கழிப்பறையையும் பார்க்க விடவில்லை என்றால் அப்படியே திரும்பிவிடுங்கள். வேன் அனுப்பித் தூக்கிக்கொண்டு போகிறேன் என்பவர்களிடம் மேற்கொண்டு ஒன்றும் கேட்க வேண்டியதே இல்லை.

2017 மனநலச் சட்டம் போதைப் பழக்கத்தால் வரும் மனநிலைப் பாதிப்புகளையும் சேர்த்தே பேசுகிறது. சம்மதம் இல்லாதவரைச் சேர்க்க அதில் தனி நடைமுறை இருக்கிறது. மருத்துவர்கள் பரிசோதித்திருக்க வேண்டும், முதல் கட்டமாக 30 நாளுக்கு மேல் வைக்கக் கூடாது. சங்கிலியால் கட்டுவது எந்தச் சூழ்நிலையிலும் குற்றம்.

விற்பவர்களைப் பற்றி

கடையைத் தெரிந்துகொண்டதும் நான்கு பேரைக் கூட்டிக்கொண்டு போய்ச் சண்டை போடத் தோன்றும். வேண்டாம். அந்தக் கோபம் கடைசியில் உங்கள் பிள்ளை மேல்தான் திரும்பும். மதுவிலக்குத் துறையின் 10581, மத்திய போதைப்பொருள் தடுப்பு அமைப்பின் 1933 ஆகிய எண்களில் தகவல் சொல்லலாம். இடம், நேரம், எப்படிக் கை மாறுகிறது என்று மட்டும் சொல்லுங்கள். 18 வயதுக்குக் கீழே உள்ளவருக்கு மருத்துவர் சொல்லாமல் மதுவோ போதைப்பொருளோ புகையிலையோ கொடுத்தால் சிறார் நீதிச் சட்டம் 77-ஆவது பிரிவில் ஏழு வருஷம் வரை சிறை உண்டு. கல்வி நிலையத்திலிருந்து 100 கஜத்துக்குள் புகையிலை விற்கவும் தடை. பள்ளித் தலைமை ஆசிரியரிடம் புகார் கொடுக்கும்போது இந்த இரண்டையும் எழுதிக் கொடுங்கள். மாட்டிய பிள்ளைக்கு டி.சி. கொடுத்து அனுப்புவதுதான் பள்ளிகள் செய்யும் முதல் வேலை. அதைத் தடுக்க முடிந்தவரை போராடுங்கள். படிப்பும் போய்விட்டால் அவனுக்கு மிச்சம் இருப்பது அந்தக் கடை வாசல்தான்.

வீட்டுக்கு வந்த பிறகு

எல்லாரும் இங்கேதான் மூச்சு விடுகிறார்கள். உண்மையில் வேலை இங்கே ஆரம்பிக்கிறது.

முதலில் உயிர் விஷயம். மாத்திரையோ ஊசியோ ஒரு மாதம் நிறுத்தியவனுக்கு உடம்பின் தாங்கும் சக்தி இறங்கியிருக்கும். முன்பு போட்ட அதே அளவை இப்போது போட்டால் மூச்சு நின்றுவிடும். இதை அவனிடம் நேராகச் சொல்லுங்கள். சொன்னால் மறுபடி போடச் சொல்லிக்கொடுப்பதாகிவிடுமே என்று நான் பயந்தேன். கவுன்சலர்தான், "சொல்லாமல் விட்டு நடந்துவிட்டால் என்ன செய்வீர்கள்?" என்று கேட்டார்.

பணத்தை எப்படிக் கையாள்வது என்பதில் ஒவ்வொரு வீடும் அடித்துக்கொள்ளும். ஒரு பைசாகூடக் கொடுக்காமல் வைத்தால் பையன் கூனிக் குறுகிப் போவான், கையில் ஐயாயிரம் இருந்தால் கால் தானாக நடக்கும். நாங்கள் வாரம் முந்நூறு என்று வைத்தோம், அவனும் ஒத்துக்கொண்ட கணக்கு. பெட்ரோலை அப்பா போட்டுவிடுவார். போனிலிருந்து யாருக்கும் பணம் அனுப்பும் வசதியை மூன்று மாதத்துக்கு அவனே எடுத்துவிட்டான். பழைய கூட்டாளிகளின் எண்களையும் அவனையே அழிக்கச் சொன்னோம். ஒரு எண்ணை மட்டும் வைத்துக்கொண்டான். கேட்கவில்லை.

ஆசை எழும்பும்போது அது ஓயாது என்று தோன்றும். பெரும்பாலும் அரை மணி நேரத்துக்குள் இறங்கிவிடும். அந்த அரை மணிக்கு என்ன செய்வது என்று முன்பே பேசி வையுங்கள். குளிப்பது, மாமாவுக்கு போன் செய்வது, பரோட்டா சாப்பிடப் போவது, எதுவானாலும் சரி. தம்பிக்கு மாமாவோடு பைக்கில் வைகை அணை வரை போய் வருவது. பெட்ரோல் செலவைப் பற்றி மாமா இதுவரை வாய் திறக்கவில்லை. கல்யாணம், கோயில் திருவிழா, தேர்தல், நண்பனின் பிறந்தநாள் ஆகிய நாட்களைக் காலண்டரில் குறித்து வைத்து, போவதா வேண்டாமா, போனால் யாரோடு, எத்தனை மணிக்குத் திரும்புவது என்று முதல் நாளே முடிவு செய்யுங்கள்.

உங்களுக்கும் ஆள் தேவை. அம்மா ஒரு வருஷம் ராத்திரி முழுக்க வாசல் சத்தத்துக்குக் காது கொடுத்துக்கொண்டே படுத்திருந்தார். அவருக்கு ரத்த அழுத்தம் வந்தது. குடிப்பவர்களுக்கான ஆல்கஹாலிக்ஸ் அனானிமஸ் கூட்டங்கள் தமிழிலும் நடக்கின்றன. அதேபோல் குடும்பத்துக்காரர்களுக்கு அல்-அனான் என்று இருக்கிறது. பணம் வாங்குவதில்லை, முழுப்பெயர் சொல்ல வேண்டாம். அம்மா முதல் நாள் அழுதுவிட்டு வந்தார், அடுத்த வாரம் பக்கத்து வீட்டு அக்காவையும் கூட்டிக்கொண்டு போனார். அந்த அக்கா வீட்டிலும் இதே கதை என்று எங்களுக்கு அன்றைக்குத்தான் தெரியும்.

மறுபடி ஒருமுறை போடுவான். போடாவிட்டால் நல்லது, போட்டால் அதிசயமில்லை. ஒருமுறை வழுக்கியதும் "எல்லாம் போச்சு" என்று வீடே கவிழ்ந்துவிட்டால் அவனும் அப்படித்தான் நினைப்பான், ஒன்று பத்தாகும். என்ன நாள், யாரோடு, அதற்கு முன்பு என்ன நடந்தது என்று எழுதி வைத்துக்கொண்டு அடுத்த ஓ.பி.க்குப் போங்கள். மருத்துவருக்கு அதுதான் வேண்டும்.

எங்கள் வீட்டில் அது போன தீபாவளிக்கு வந்தது. பதினொரு மாதம் சுத்தமாக இருந்தவன். மறுநாள் காலை ஆறு மணிக்கு என் அறைக் கதவைத் தட்டி, "அக்கா, நேத்து ரெண்டு போட்டுட்டேன்" என்றான். அடுப்பில் இருந்த பாலை இறக்கி வைத்துவிட்டு, இன்றைக்கு ஓ.பி. இருக்குமா என்று போன் செய்து கேட்டேன். தீபாவளி விடுமுறை, திங்கட்கிழமைதான் என்றார்கள். அதுவரை மூன்று நாள் மாமா எங்கள் வீட்டுக் கூடத்தில் வந்து படுத்துக்கொண்டார்.